காதில் பாங்கு சொன்னோம். கேட்டதா என்று பார்த்தோமா?

(கொடைக்கானல் மேல்மலையில் உள்ள கூக்கால் கிராமத்தில் நமது அமைப்பின் மருத்துவ சேவை அணியும் வர்த்தகர் அணியும் இணைந்து நடத்திய இலவச செவித்திறன் பரிசோதனை முகாமின் நிறைவில், பூண்டு வியாபாரம் செய்யும் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரை. அவரது வேண்டுகோளின்படி அவரது பெயரும் அவரது மகளின் பெயரும் வெளியிடப்படவில்லை.)

 

எனக்கு மேடைப் பேச்சு வராது. சந்தையில் விலை பேசத்தான் வரும். நம் மாவட்ட நிர்வாகிகள், "டாக்டர் பேசுவதைவிட தகப்பன் பேசினால் ஜனங்கள் கேட்பார்கள்" என்று சொல்லி என்னை நிறுத்திவிட்டார்கள். ஆகவே தகப்பனாக மட்டும் பேசுகிறேன். தவறு இருந்தால் இங்கே இருக்கும் ஆடியாலஜிஸ்ட் சகோதரி திருத்தட்டும்.

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த முகாமைப் பற்றிக் கூடிப் பேசியபோது நம்மவர்களிலேயே சிலர், "கூக்காலில் நம் ஆட்கள் எத்தனை வீடு இருக்கிறார்கள்? வத்தலக்குண்டிலோ பெரியகுளத்திலோ வைத்தால் சமுதாயத்துக்குப் பயன்படுமே?" என்று கேட்டார்கள். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்டேன்: நாம் வடுகபட்டி சந்தையில் மலைப்பூண்டு என்று சொல்லி நல்ல விலைக்கு விற்கிறோமே, அந்தப் பூண்டு எங்கிருந்து வருகிறது? இந்த மேல்மலையிலிருந்துதான். கூக்கால், மன்னவனூர், பூண்டி, கவுஞ்சி, கிளாவரை என்று இந்த ஊர்களின் படிக்கட்டு வயல்களில் குளிரில் குனிந்து நிமிர்ந்தவர்களின் உழைப்பில்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. புவிசார் குறியீடு பெற்ற பூண்டு என்று மூட்டைமீது பெருமையாக எழுதுகிறோம். அதை விளைவித்தவரின் பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று ஒருநாள் வந்து பார்ப்பதில் என்ன குறைந்துவிடும்? ரத்தம் கொடுக்கும்போது மதம் பார்த்தா கொடுக்கிறோம்?

இன்னொரு காரணமும் உண்டு. இங்கிருந்து கொடைக்கானலுக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அங்கிருந்து மலை இறங்கி, திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ போக வேண்டும். ஒரு பரிசோதனைக்காகக் கைக்குழந்தையோடு போய்வர ஒரு நாள் கூலி, பஸ் சார்ஜ், சாப்பாடு, மறுநாள் அலுப்பு. "அடுத்த வாரம் வாருங்கள்" என்று ஆஸ்பத்திரியில் சொன்னால் இவர்கள் அடுத்த வாரம் போக மாட்டார்கள். போக முடியாது. அது அலட்சியம் அல்ல, தூரம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் மூன்றாவதாகப் பிறந்தவள் மகள். பிறந்த அன்றே அவள் நன்னா வந்து வலது காதில் பாங்கு சொன்னார். எல்லோருடைய கண்ணும் கலங்கியது. மனிதன் இந்த உலகில் கேட்கும் முதல் வார்த்தை இறைவனின் பெயராக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற சமுதாயம் நாம். அந்த வார்த்தை அவள் காதுக்குள் போய்ச் சேரவில்லை என்பது எங்களுக்குத் தெரிய இரண்டரை வருஷம் ஆனது.

அடையாளம் இல்லாமல் இல்லை. நாங்கள்தான் படிக்கவில்லை. சமையலறையில் பாத்திரம் விழுந்தால் தொட்டிலில் கிடக்கும் பிள்ளை திடுக்கிட வேண்டும். இவள் அசையாமல் தூங்குவாள். "எவ்வளவு சமர்த்து பாருங்கள்" என்று மெச்சிக்கொண்டோம். 6 மாதத்தில் பிள்ளை சத்தம் வரும் பக்கம் தலையைத் திருப்ப வேண்டும். ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் பார்க்க வேண்டும், ஒன்றிரண்டு சொல் வர வேண்டும். என் மகள் கதவைத் திறந்தால் திரும்புவாள், அது வெளிச்சத்துக்காக. நான் நடந்து வந்தால் திரும்புவாள்; அது மரத்தரை அதிர்வதற்காக. காது கேட்காத பிள்ளைக்குக் கண்ணும் தோலும் அவ்வளவு கூர்மை. பெற்றவர்களை அது ஏமாற்றிவிடும்.

ஒன்றரை வயதில் என் மனைவிதான் முதலில் சந்தேகப்பட்டாள். என் தாயார், "அவ அத்தாவே நாலு வயசுலதான் வாய் திறந்தான். பரம்பரை அப்படி" என்று சொல்லிவிட்டார்கள். ஒரு டாக்டரிடம் காட்டினோம். "மூணு வயசு வரைக்கும் பொறுத்துப் பாருங்க, பேசிடும்" என்றார். வியாபாரி நான், பொறுக்கச் சொன்னால் சந்தோஷம்தான். செலவு மிச்சம் அல்லவா! சகோதரர்களே, நான் வாங்கிய சரக்கில் நஷ்டப்பட்டிருக்கிறேன், கொடுத்த கடன் வராமல் நஷ்டப்பட்டிருக்கிறேன். அந்த ஒரு வருஷத்தைப்போல் எதையும் நான் இழந்ததில்லை.

ஏன் என்று சொல்கிறேன். காது ஒரு வாசல்தான். பேச்சு உண்டாகும் இடம் மூளை. பிறந்ததிலிருந்து முதல் மூன்று வருஷத்தில் மூளை சத்தத்தைப் பிரித்தறியும் பாதைகளைப் போட்டுக்கொள்கிறது. அந்தக் காலத்தில் சத்தமே வராவிட்டால் மூளை அந்த இடத்தைப் பார்வைக்கும் மற்ற வேலைக்கும் கொடுத்துவிடும். வாடகைக்கு ஆள் வராத கடையை எத்தனை நாள் பூட்டி வைப்பார்கள்? அதனால்தான் உலகமெங்கும் இந்தத் துறையில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: 1 மாதத்துக்குள் முதல் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறையை உறுதி செய்வது, 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். ஒன்று, மூன்று, ஆறு. இந்த மூன்று எண்ணை இளைஞர்கள் மனதில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் அடுத்து பிறக்கும் பிள்ளைக்கு இது வேண்டும்.

அந்த முதல் பரிசோதனை என்ன பெரிய ஆபரேஷனா? இன்று இங்கே நீங்களே பார்த்தீர்கள். தூங்கும் பிள்ளையின் காதில் ஒரு சின்ன ரப்பர் முனையை வைக்கிறார்கள். அது மெல்லிய சத்தம் அனுப்புகிறது. உள்காது நன்றாக இருந்தால் அங்கிருந்து எதிரொலிபோல ஒரு நுண்ணிய ஒலி திரும்பி வருகிறது. கருவி அதைப் பிடித்துக்கொள்கிறது. ஓஏஇ என்று பெயர். ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிடங்கள்தான். இதில் தேறாவிட்டால் உடனே செவிடு என்று அர்த்தமல்ல. பிறந்த குழந்தையின் காதில் நீர் இருந்தால்கூட தேறாது. மறுபடி பார்ப்பார்கள். அதிலும் தேறாவிட்டால் பெரா டெஸ்ட். தலையில் சிறு ஒட்டுகளை வைத்து, சத்தம் காதிலிருந்து நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை போகிறதா என்று வரைபடம் எடுப்பார்கள். பிள்ளை தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு வருத்தமான விஷயம். இங்கே ஒரு தாய், "நாங்க கை தட்டிப் பார்த்துட்டோம், திரும்புது" என்றார்கள். நானும் தட்டினேன் அம்மா! தட்டும்போது காற்று படும், நிழல் அசையும். கைதட்டல் பரிசோதனை அல்ல.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, மறுவாழ்வு தேவைப்படும் அளவுக்குச் செவித்திறன் இழந்தவர்கள் உலகில் 43 கோடிப் பேர். அவர்களில் 3.4 கோடிப் பேர் குழந்தைகள். குழந்தைகளுக்கு வரும் காது கேளாமையில் ஏறக்குறைய 60 சதவீதம் தடுக்கக் கூடிய காரணங்களால் வருவது என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. அந்தத் தடுக்கக் கூடிய காரணங்களில் மூன்றை நான் வெளிப்படையாகப் பேச வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலாவது, இந்த மலையின் பெருமையான பூண்டு. பிள்ளைக்குக் காது வலித்தால் பூண்டைத் தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சி, வெதுவெதுப்பாகக் காதில் ஊற்றுகிறோம். பூண்டு விற்கிற நானே சொல்கிறேன், காதில் ஊற்றாதீர்கள். எண்ணெயும் வேண்டாம், தாய்ப்பாலும் வேண்டாம். குளிரில் சளி பிடித்து நடுக்காதில் சீழ் கட்டும். செவிப்பறையில் ஓட்டை விழுந்து வருஷக்கணக்கில் வடியும். அதை "பிள்ளைக்குக் காது ஒழுகுது" என்று சாதாரணமாகச் சொல்லிப் பழகிவிட்டோம். அது மெல்ல மெல்லச் செவித்திறனைத் தின்றுகொண்டிருக்கும். மருந்தாலும் சிறு ஆபரேஷனாலும் சரிசெய்யக் கூடியதை நாம் வளர விடுகிறோம்.

இரண்டாவது, ரூபெல்லா. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு இந்தக் காய்ச்சல் வந்தால், அவளுக்கு லேசான சொறிபோல வந்து போய்விடும். வயிற்றில் இருக்கும் பிள்ளையின் காதையும் கண்ணையும் இதயத்தையும் கெடுத்துவிட்டுப் போகும். இதற்குத் தடுப்பூசி உண்டு. 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். வாட்ஸ்அப்பில் வதந்தி. பயந்துபோன பெற்றோர் பலர் பிள்ளைகளை அன்று பள்ளிக்கே அனுப்பவில்லை. முகாமின் நாட்களையே நீட்டிக்க வேண்டி வந்தது. நம் மஹல்லாக்களிலும் தயங்கியவர்கள் இருந்தார்கள், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. நம்மைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதும் வதந்திக்கு எதிராக மறியல் செய்கிறோமே, நம் பிள்ளைகளின் காதைப் பறிக்கும் வதந்தியை நம் கையாலேயே பார்வர்டு செய்யலாமா? இன்று இந்த ஊசி 9 மாதம் முடிந்தும், ஒன்றரை வயதை ஒட்டியும் அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடப்படுகிறது.

மூன்றாவது, சொந்தத்தில் திருமணம். இது முஸ்லிம்களுக்கு மட்டும் உள்ள பழக்கம் அல்ல. மாமன் மகள், அத்தை மகன் என்று தென்னாட்டில் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறது. மார்க்கத்தில் இது ஆகுமானது. நான் ஹராம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஆகுமானது என்றால் கட்டாயம் என்று அர்த்தமா? பிறவியிலேயே காது கேளாமை பல குடும்பங்களில் மரபணு வழியாக வருகிறது. கணவன் மனைவி இருவருமே நன்றாகக் கேட்பார்கள். ஆனால் ஒரே குறையுள்ள மரபணுவை ஆளுக்கொன்று சுமந்திருப்பார்கள். அப்படியானால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, பிள்ளைக்கு அந்தக் குறை வரும். ஒரே பாட்டன் வழி வந்தவர்கள் மணந்துகொண்டால் இருவரிடமும் அதே மரபணு இருக்கும் சாத்தியம் அதிகம். நானும் என் மனைவியும் அத்தை மகன், மாமன் மகள்தான். குடும்பத்தில் ஏற்கெனவே காது கேளாதவர் இருந்தால், நிக்காஹ் பேசும் முன்பு ஒரு டாக்டரிடம் போய்க் கேளுங்கள். சொத்து வெளியே போய்விடக் கூடாது என்று பார்க்கிற நாம் இதையும் பார்க்கலாம்.

சரி, குறை தெரிந்துவிட்டது. இனி என்ன? பலர் இந்த இடத்தில்தான் உட்கார்ந்துவிடுகிறார்கள். நானும் உட்கார்ந்தேன். என் மகளின் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு மதுரையில் பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

முதல்படி காது மெஷின். சத்தத்தைப் பெருக்கிக் கொடுப்பது. காதின் அளவுக்கு அச்சு எடுத்துச் செய்ய வேண்டும். பிள்ளை வளர வளர அச்சையும் மாற்ற வேண்டும். பல பிள்ளைகளுக்கு இதுவே போதும். அச்சு பொருந்தாவிட்டால் 'கீ' என்று கத்தும். அதற்காகத் தூக்கி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். பெருக்கிக் கொடுத்தாலும் பேச்சைப் பிரித்தறிய முடியாத அளவுக்கு உள்காது பழுதானவர்களுக்குத்தான் காக்ளியர் இம்பிளாண்ட்.

இந்த இம்பிளாண்ட் கதையில் வியாபாரிகளாகிய உங்களுக்குப் பிடிக்கும் ஒரு விஷயம் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஒரு சிறு ஊரில் ஒருவர் மருந்துக்கடை வைத்திருந்தார். அவருக்குக் காது மந்தம். கடைக்கு வருபவர்கள் ரகசியமாகக் கேட்க வேண்டிய மருந்தைக்கூட உரக்கக் கத்திச் சொல்ல வேண்டும்; கடையில் உள்ளவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தச் சங்கடத்தைப் பார்த்து வளர்ந்தவர் அவர் மகன் கிரேம் கிளார்க். காது டாக்டரானார். உள்காது நத்தைக் கூடுபோலச் சுருண்டிருக்கும். அதற்குள் கம்பியை முறியாமல், உள்ளே கிழிக்காமல் எப்படிச் செலுத்துவது என்று தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தவர், 1977-ல் கடற்கரையில் ஒரு சிப்பியையும் புல்லையும் எடுத்துப் பார்த்தார். அடியில் விறைப்பாகவும் நுனியில் வளைவாகவும் உள்ள புல் இதழ் அந்தச் சுருளுக்குள் இலகுவாக நுழைந்தது. 1978-ல் மெல்போர்னில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். கடையில் தகப்பன் பட்ட அவமானத்திலிருந்து இன்று உலகமெங்கும் லட்சக்கணக்கானோர் கேட்கிறார்கள்.

நம் நாட்டில் இதன் விலை பல லட்சம். ஆனால் தமிழ்நாட்டில் பிறந்தவர்கள் ஒரு வகையில் கொடுத்துவைத்தவர்கள். 2009-ல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று தொடர்ந்தது. எந்த ஆட்சி என்பது இருக்கட்டும். நன்மையை நன்மை என்று சொல்ல வேண்டும். சிறு வயதுக் குழந்தைகளுக்கு இந்த ஆபரேஷனும் அதன் பிறகான பேச்சுப் பயிற்சியும் இதில் அடக்கம். குடும்ப ஆண்டு வருமான வரம்பை 2021-ல் 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தினார்கள். வயது வரம்பு உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். பிள்ளைக்கு 7 வயதில் மனுவைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பயனில்லை.

ஆபரேஷன் முடிந்ததும் பிள்ளை எழுந்து பேசிவிடும் என்று நினைக்காதீர்கள். நான் நினைத்தேன். சில வாரம் கழித்து வெளிக்கருவியை மாட்டி 'ஸ்விட்ச் ஆன்' செய்தார்கள். என் மகள் வீறிட்டு அழுதாள், கழற்றி எறிந்தாள். அன்று அவள் மூன்று வயதைத் தாண்டிவிட்டாள். ஆனால் கேட்கும் உலகில் அன்றுதான் பிறந்தாள். அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் பயிற்சிக்கு அலைந்தது அவள் தாய். "தண்ணி" என்ற ஒரு வார்த்தைக்காக ஒரு நாளில் நூறு தடவை தண்ணி, தண்ணி என்று பேசிக்கொண்டே இருப்பாள். ஐந்தாவது மாதம் நான் சந்தையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து, "த்தா" என்று ஒரு சத்தம். அத்தா என்பதில் பாதி. அல்ஹம்துலில்லாஹ்! அன்று நான் இரண்டு ரக்அத் தொழுதேன்.

இப்போது மேல்மலைக்காரர்களுக்குச் சில நடைமுறைகளைச் சொல்ல வேண்டும். இவற்றை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை, அனுபவம் சொன்னது. இங்கே மூடுபனி. ஈரம்தான் காது மெஷினுக்கு முதல் எதிரி. அச்சோடு இணைந்த குழாயில் நீர்த்துளி கட்டிக்கொண்டால் சத்தம் அடைத்துவிடும். இரவில் கழற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் உள்ள மூடிய டப்பாவில் வையுங்கள். அடுப்புப் பக்கத்தில் காய வைத்தால் கெட்டுவிடும். குளிருக்குக் கம்பளிக் குல்லாயைக் காதை மூடிப் போடுகிறோம். மைக் அதற்குள் அடங்கிவிடும், துணி உரசும் சத்தம்தான் பிள்ளைக்குக் கேட்கும். நம் பெண்பிள்ளைகளின் மக்கனாவுக்கும் இதே விதி. மெல்லிய துணி, தளர்வாக. உளூ செய்யும்போது கழற்றி, காதைத் துடைத்து உலர்ந்தபின் மாட்டச் சொல்லுங்கள். சஜ்தாவில் காந்தக் காயில் நழுவி விழும். தொழுகையில் பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டால் பக்கத்தில் நிற்பவர் முறைக்காதீர்கள். பட்டன் பேட்டரியைச் சிறு பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கிவிட்டால் உணவுக்குழாயை அரித்துவிடும். சில மணி நேரத்தில் உயிராபத்து.

தினமும் காலையில் மெஷினை மாட்டியதும் வாயைக் கையால் மறைக்காமல், பிள்ளையின் பின்னால் நின்று ஆறு ஒலிகளைச் சொல்ல வேண்டும்: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். கேட்டதும் பிள்ளை கையைத் தூக்க வேண்டும். தாழ்ந்த ஒலியிலிருந்து உச்ச ஒலி வரை பேச்சின் முழு வீச்சும் இந்த ஆறில் அடங்குகிறது. நேற்றுவரை 'ஸ்' கேட்ட பிள்ளைக்கு இன்று கேட்கவில்லை என்றால் மெஷினில் ஏதோ கோளாறு. அரை நிமிட வேலை. ஆசிரியர்களும் செய்யலாம்.

ஆசிரியர்கள் என்றதும் பள்ளிக்கூடம் ஞாபகம் வருகிறது. என் மகளை முதலில் சேர்த்த இடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டால், "அவள் மெதுவாகப் புரிந்துகொள்கிறாள்" என்றார்கள். காது மந்தத்தை புத்தி மந்தமாக எண்ணும் இந்தக் கொடுமை பெரும்பாலான இடங்களில் இருக்கிறது. இந்தப் பிள்ளை முன்வரிசையில், ஆசிரியரின் முகம் தெரியும் இடத்தில் உட்கார வேண்டும். ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசக் கூடாது. மழை பெய்யும் தகரக் கூரையின் கீழ் எந்த மெஷினும் தோற்றுவிடும். அப்போது எழுதிக் காட்ட வேண்டும். ஆசிரியர் கழுத்தில் மைக்கும் பிள்ளையிடம் ரிசீவரும் இருக்கும் எஃப்எம் கருவி உண்டு. வகுப்பின் இரைச்சலைத் தாண்டி ஆசிரியரின் குரல் நேராகக் காதுக்கு வரும். அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இந்த மலைக்கு எத்தனை நாளைக்கொரு முறை வருகிறார்கள் என்று கேட்க வேண்டியது நம் அமைப்பின் வேலை.

பொதுத்தேர்வில் காது கேளாத மாணவர்களுக்கு ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் கூடுதலாக ஒரு மணி நேரமும் உண்டு. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு. அதில் 1 சதவீதம் காது கேளாதோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும். அரசுதவி பெறும் உயர்கல்வியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதம். 2007-ல் கிடைத்த 3.5 சதவீதத்துக்காக எத்தனை மாநாடு, எத்தனை பேரணி நடத்தினோம்! சட்டமாகவே இருக்கும் இந்த 1 சதவீதத்தைக் கேட்டுப் பெற நம் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு அடையாள அட்டை வாங்கிக் கொடுக்க ஆளில்லை. "அட்டை வாங்கினால் நாளைக்குப் பெண் கேட்டு வரமாட்டார்கள்" என்று சொல்கிறார்கள். அட்டை வாங்காவிட்டால் காது கேட்டுவிடுமா?

எல்லாப் பிள்ளைக்கும் இம்பிளாண்ட் பொருந்தாது. காலம் கடந்தவர்கள் இருக்கிறார்கள், செவி நரம்பே இல்லாமல் பிறந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சைகை மொழி இருக்கிறது. அது குறைந்த மொழி அல்ல. பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் தொடங்கிய பள்ளி 19-ம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து காது கேளாத பிள்ளைகளைப் படிக்க வைத்து வருகிறது. மறுபுறம், சென்னையில் 1969-ல் தொடங்கிய பாலவித்யாலயா மிகச் சிறு வயதிலேயே பிள்ளைகளைத் தாயோடு சேர்த்துப் பேச்சுக்குப் பழக்குகிறது. இரண்டு வழியும் வழிதான். நமது ஃபிக்ஹு நூல்கள் பேச முடியாதவரின் சைகையை நிக்காஹிலும் கொடுக்கல் வாங்கலிலும் செல்லும் என்று பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டன. சட்டம் ஏற்ற சைகையை நம் தெரு கேலி செய்கிறது. கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் புளிக்கலில் ஒரு பள்ளிவாசலில் ஜும்ஆ உரையைச் சைகை மொழியிலும் காட்டுகிறார்கள். நம் பள்ளிகளில் மாதம் ஒரு ஜும்ஆவுக்காவது அது முடியாதா?

என் மகள் மக்தபில் ஓதுகிறாள். பெரிய 'ஹா'வும் சிறிய 'ஹா'வும் அவளுக்கு ஒன்றுபோலவே விழுகின்றன. மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். ஹஜ்ரத் அவர்களை அதட்டிவிட்டு, சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரட்டைக் கூலி என்ற நபிமொழியை நினைவூட்டினார். அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் மக்தபுக்கு மட்டம் போட்டதில்லை.

வியாபாரப் பெருமக்களே, கடைசியாக உங்களிடம் ஒரு கணக்கு. அரசு பல லட்சம் மதிப்புள்ள கருவியைப் பொருத்திக் கொடுத்துவிடுகிறது. உத்தரவாதக் காலம் முடிந்தபின் ஒரு வயர் அறுந்தால், காயில் உடைந்தால், பேட்டரி தேய்ந்தால் அது குடும்பத்தின் தலையில். சில ஆயிரம் ரூபாய் இல்லாமல் பல லட்ச ரூபாய்க் கருவி பெட்டியில் தூங்குகிறது. பிள்ளை மறுபடி மௌனத்துக்குப் போய்விடுகிறது. என் மகளுக்கே ஒருமுறை வயர் அறுந்து, வர இரண்டு வாரமானது. அந்த இரண்டு வாரமும் அவள் எங்களோடு பேசவில்லை, கோபம். கேரளத்தில் 2012-ல் தொடங்கிய ஸ்ருதிதரங்கம் திட்டத்தில் பழுது பார்ப்பதையும் பழைய கருவியை மாற்றித் தருவதையும் சேர்த்திருக்கிறார்கள். இங்கும் பராமரிப்புச் செலவை முழுமையாகக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும், பிரசவம் நடக்கும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஓஏஇ கருவி வைக்க வேண்டும் என்று மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்கப் போகிறோம். கையெழுத்துத் தாள் வாசலில் இருக்கிறது.

மனு தன் வேகத்தில் நகரட்டும். அதுவரை? ஆலிம்களிடம் கேட்டேன், ஏழைக் குடும்பமானால் ஜகாத்திலிருந்து கொடுக்கலாம், அல்லாதவர்களுக்கு சதக்காவிலிருந்து கொடுக்கலாம் என்றார்கள். ரமலானில் சேலையும் அரிசியும் கொடுக்கிறோம், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் ஒரு பங்கை ஒவ்வொரு ஜமாஅத்தின் பைத்துல்மாலிலும் 'வயர், பேட்டரி, பஸ் சார்ஜ்' என்று தனியாக எழுதி வையுங்கள். நான் என் பங்காக, மூட்டைக்கு ஒரு ரூபாய் ஒதுக்குவது என்று இந்தப் பருவத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன். சந்தையில் இன்னும் நாலு பேர் சேர்ந்தால் இந்த மேல்மலைக்கு அது போதும்.

இளைஞர்களுக்கு வேலை வேறு. இன்று மேல்பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கும் பிள்ளைகளை திண்டுக்கல்லில் உள்ள குழந்தைகளுக்கான அரசு ஆரம்ப நிலை சிகிச்சை மையத்துக்கு அழைத்துப் போக வேண்டும். வரும் திங்கட்கிழமை விடியற்காலை கூக்கால் பஸ் நிறுத்தத்திலிருந்து நம் பூண்டு லாரி அல்ல, வேன்தான் வரும். பெரா டெஸ்டுக்குப் பிள்ளை தூங்க வேண்டும் என்பதால் தாய்மார்கள் வண்டியில் அவர்களைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு தாய்மார்களுக்குத் துணைக்கு ஆள் இல்லை. போய்வர ஒரு நாள் ஒதுக்கக் கூடியவர்கள் இப்போதே என்னிடம் பெயர் கொடுங்கள். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றும் ஒரு ஜெராக்ஸோடு இருக்கட்டும்.